சொல்லிக்காமல் போகிறவர்கள்

சலோமியின் வீட்டுக்கு இரண்டு வழி. தெருவைப் பார்த்த கதவு தபால்காரருக்கும், வருஷத்துக்கு ஒரு தடவை வீடு மந்திரிக்க வரும் சாமியாருக்கும். சந்துப் பக்கத்துக் கேட் எண்ணெய்க்கு வருகிறவர்களுக்கு. தெருக்கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கிடந்தது. சந்துக் கேட் மட்டும் நாள் முழுக்கக் கிறீச்சிட்டுக்கொண்டே இருக்கும்.

காரைக்காலில் மாதா கோயிலுக்குப் பின்னால், 'மூட்டுவலி எண்ணெய் வீடு' என்றால் எந்த ஆட்டோக்காரரும் சரியாகக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். பூவத்திலிருந்து நடவுக்குக் குனிந்து இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள் வருவார்கள். கணுக்கால் சுளுக்கிய பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் வருவார்கள். காலி பாட்டிலை நீட்டுவார்கள், நிறைந்த பாட்டிலை வாங்கிக்கொள்வார்கள், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்விடுவார்கள். மரியாதை தெரியாததால் அல்ல. மருந்து வாங்கிய வாசலில் நின்று 'வரேன்' என்று சொல்லக்கூடாது. சொன்னால் வலியும் கூடவே திரும்பி வந்துவிடும். கொடுக்கிறவளும் 'போயிட்டு வாங்க' என்று சொல்லக்கூடாது. சாவு வீட்டிலிருந்து போவது மாதிரி, சொல்லிக்காமல்தான் போக வேண்டும்.

இதையெல்லாம் சலோமி ஏற்படுத்தவில்லை. எண்ணெயே அவள் ஏற்படுத்தியதில்லை. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் பியூனாக இருந்த அவள் அப்பா லூர்துநாதன் ஓய்வு நேரத்தில் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் இறந்து, முப்பதாம் நாள் பூசையும் முடிந்த மறுநாள், விஷயம் தெரியாத யாரோ ஒருவர் சந்துக் கேட்டைத் திறந்து பாட்டிலை நீட்டினார். அப்பா இல்லை என்று சொல்லத்தான் சலோமி வாயெடுத்தாள். அதற்குள் பாட்டில் கைக்கு வந்துவிட்டது. கொல்லையில் எண்ணெய்க்கு வேண்டிய தழுதாழை தளதளவென்று நின்றது. வேலியில் முடக்கத்தான் படர்ந்திருந்தது. நொச்சிக்கு அரசலாற்றங்கரைக்குப் போனால் போதும். அப்படி ஒரு பாட்டிலுக்காகக் காய்ச்ச ஆரம்பித்தவள்தான், இப்போது ஐம்பது வயதைத் தொட்டுவிட்டாள்.

பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க் வேலை. அம்மா முன்பே போய்விட்டதால் அப்பாவைப் பார்த்துக்கொள்வதில் கல்யாணப் பேச்சு தள்ளிப்போனது. தள்ளிப்போனது அப்படியே நின்றும்விட்டது. தம்பி அமலன் பிரான்ஸில் இருக்கிறான். ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் வீடியோவில் வருவான். அவன் பிள்ளைகள் அத்தைக்குக் கையாட்டிவிட்டு ஓடிவிடும். பள்ளிக்கூடம் நடக்கிற மாதங்களில் பொழுது ஒருவழியாக நகர்ந்துவிடும். கோடை விடுமுறை வந்தால்தான் தவிப்பு. காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை அவள் வாயிலிருந்து வந்தது 'இளஞ்சூடா தேய்ங்க' என்ற ஒன்று மட்டும்தான் என்று சில நாள் படுக்கும்போது நினைத்துக்கொள்வாள். நினைத்துவிட்டு, குரல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல ஜெபத்தைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்வாள்.

அப்படிப்பட்ட ஒரு மே மாதத்தில்தான் தாமரைச்செல்வி வந்தாள்.

"எண்ணெய்க்காரம்மா! யாரு உள்ள?"

கேட்டைக் காலால் தள்ளிக்கொண்டு, இடது இடுப்பில் கருவாட்டுக் கூடையோடு நின்றாள். பட்டினச்சேரிக்காரி. மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் கிடந்தன. மற்ற நாளில் மீனைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் மார்க்கெட்டில் விற்கிறவள், இப்போது கருவாடு கொண்டுவந்திருந்தாள். வலது கை உடம்போடு ஒட்டிக்கொண்டு தொங்கியது.

"தோளு தூக்க வரல. தலை சீவ எட்டல. பக்கத்து வீட்டுக்காரிதான் ஒரு வாரமா சீவி விடுறா. அவ இழுக்குற இழுப்புல தோள்வலி மறந்து தலைவலி வந்துருச்சு."

"ஆஸ்பத்திரியில காட்டுனீங்களா?"

"காட்டாமயா? படம் புடிச்சுப் பாத்துட்டாங்க. எலும்பு கல்லாட்டம் இருக்காம். சதைதான் இறுகிப் போச்சாம். சுவத்துல வெரலால ஏறணுமாம், பல்லி மாரி. எண்ணெய் போட்டுக்கிட்டு ஏறுனா நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க. போடுறேன், ஏறுறேன். ஆனா பின்தோளுக்கு என் கை எட்டலியே. அங்க யாரு தேய்ப்பா? புருசன் போயி எத்தினி வருசமாச்சு."

சலோமி யோசிக்கவேயில்லை. "உக்காருங்க. நான் தேய்ச்சு விடுறேன்" என்றாள்.

எண்ணெய் வாங்க வந்து அந்தக் கொல்லையில் உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான்.

துவைக்கிற கல்லின் மேல் தாமரைச்செல்வி உட்கார, சலோமி பின்னால் நின்று தேய்த்தாள். கயிறு திரித்ததுபோல இறுகிக் கிடந்தது சதை. தேய்த்து முடித்ததும் தாமரைச்செல்வி எழுந்து கொல்லை மதிலுக்குப் போனாள். பல்லைக் கடித்துக்கொண்டு விரல்களால் சுவரில் ஏறினாள். நெஞ்சுக்கு நேரே வந்ததும் 'ஐயோ' என்று நின்றுவிட்டாள். அடுப்படியிலிருந்து ஒரு கரித்துண்டு எடுத்துவந்து, விரல் நின்ற இடத்தில் சலோமி கோடு போட்டாள்.

"கோடெல்லாம் போடுறீங்க. டீச்சரா?"

"பள்ளிக்கூட ஆபீஸ்ல கிளார்க்கு."

"அதான பாத்தேன், டீச்சரம்மா கணக்கா இருக்கேன்னு."

"டீச்சர் இல்ல, கிளார்க்குன்னு இப்பத்தான சொன்னேன்."

"சரிங்க டீச்சரம்மா."

அன்றைக்குப் பிறகு அவள் கருவாடு விற்று முடித்துவிட்டு இந்தப் பக்கம் வருவது வழக்கமாயிற்று. சலோமிக்குக் காது சந்திலேயே இருக்கும். கேட் கிறீச்சிடுவதில்கூட வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது; மற்றவர்கள் கையால் தள்ளுவார்கள், இவள் காலால். டீ போட்டுத் தயாராக வைத்திருப்பாள். தேய்க்கும்போது தாமரைச்செல்வி ஓயாமல் பேசுவாள். பட்டினச்சேரியில் யார் வீட்டுச் சேவல் யார் வீட்டுக் கூரையில் ஏறியது, திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள் போனில் என்ன சொல்லி அழுதாள், மீன் கடையில் பக்கத்துக் கடைக்காரி எப்படி இவள் வாடிக்கையைக் கூப்பிட்டு இழுக்கிறாள் என்று ஒன்று விடாமல். அந்தப் பக்கத்துக் கடைக்காரியை ஒருநாளும் பார்த்திராத சலோமிக்கு அவள்மேல் உண்மையாகவே கோபம் வந்தது. எப்போது என்று தெரியாமல் சலோமியின் 'வாங்க' போய் 'வா' ஆனது, தாமரைச்செல்வி 'தாமரை' ஆனாள்.

பேச்செல்லாம் முடிந்ததும், எல்லாரையும்போல அவளும் முந்தானையை உதறிக் கூடையை எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடுவாள். நடுப்பேச்சில் போன் அறுந்ததுபோல இருக்கும். அவள் போன பிறகு கொல்லை முன்னைவிட அதிகம் வெறிச்சோடிக் கிடப்பதாகச் சலோமிக்குத் தோன்றும். டீ தம்ளர் இரண்டையும் கழுவாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருப்பாள்.

கரிக்கோடுகள் மதிலில் ஏறிக்கொண்டே வந்தன. தோளுக்கு நேரே, மோவாய்க்கு நேரே, கண்ணுக்கு நேரே. ஒருநாள் தாமரைச்செல்வி தானே கொண்டை போட்டுக்கொண்டு வந்து திரும்பி நின்று காட்டினாள். கொண்டை கோணல். ஆனால் அவளுடையது.

"இன்னும் ஒரு சாண்தான் டீச்சரம்மா. அடுத்த பாட்டிலோட சரியாப் போயிரும். படகு எறங்கவும் நான் கூடையத் தலைக்கு ஏத்தவும் சரியா இருக்கும். அப்புறம் உங்கள வந்து தொந்தரவு பண்ண மாட்டேன், போங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சலோமியும் சிரித்தாள். தொந்தரவு என்ற சொல்லை அன்றிரவு படுக்கும்போதும் நினைத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். நல்லெண்ணெய், வேப்பெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் கலந்து, இடித்துப் பிழிந்த இலைச்சாறையும் விழுதையும் சேர்த்து, சிறு தீயில் ஏற்றினாள். இந்த எண்ணெயில் பெரிய ரகசியம் ஏதும் இல்லை, பதம்தான் எல்லாம். முதலில் அடியில் தங்கும் விழுது சேறாக இருக்கும். பிறகு எடுத்து உருட்டினால் மெழுகாகத் திரளும். அப்போது வாசனை தூக்கும், எண்ணெய் பச்சையாக மினுக்கும், இறக்கிவிடலாமே என்று கை துறுதுறுக்கும். இறக்கக்கூடாது. விழுது விரலில் மணலாக நறநறக்க வேண்டும். சாற்றின் தண்ணீர் கடைசிச் சொட்டுவரை போக வேண்டும். திரியை நனைத்துப் பற்றவைத்தால் சத்தமில்லாமல் எரிய வேண்டும். பொரிந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. அந்த எண்ணெய் சதைக்குள் இறங்காது, சீக்கிரம் புளித்துப்போகும்.

விழுது மெழுகாகத் திரண்ட நேரத்தில் சலோமி ஒரு கரண்டி எடுத்தாள். இன்னொரு கரண்டி எடுத்தாள். ஒரு பாட்டில் நிறைகிற அளவுக்கு வடிகட்டி மூடி போட்டுத் தனியே வைத்தாள். மிச்சத்தை மணலாகும்வரை காய்ச்சினாள்.

வலி கூடிவிடாது, கொஞ்சம் மெதுவாகக் குறையும், அவ்வளவுதானே என்று சொல்லிக்கொண்டாள். தடைக்காலம் முடிந்த பிறகும் சில நாள் வருவாள். அதற்குமேல் அவள் எதற்கும் ஆசைப்படவில்லை. பாட்டிலைத் தாமரைச்செல்வி கையில் கொடுத்தபோது மட்டும் முகத்தைப் பார்க்கவில்லை. 'இளஞ்சூடா தேய்' என்று சொல்லவும் மறந்துபோனாள்.

அடுத்த தடவை தாமரைச்செல்வி வந்தபோது விரல்கள் பழைய கோட்டிலேயே நின்றன. அதற்கடுத்த தடவை கோட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டன. பிறகு சில நாள் அவள் வரவில்லை. டீ ஆறியது. சலோமி தானே இரண்டு தம்ளரையும் குடித்தாள்.

மறுபடி வந்தபோது கூடை இல்லாமல் வந்தாள். கேட்டைக் கையால் தள்ளினாள். கொண்டை இல்லை, தலைமுடியைக் கயிறுபோல முறுக்கிப் பின்னால் விட்டிருந்தாள்.

"இந்தத் தோளு இனிமே எனக்கு ஆவாது டீச்சரம்மா. மக கூப்புடுறா. திருப்பூர்ல போயி அவ புள்ளைய வச்சுக்கிட்டு கெடந்தா சோறாவது போடுவா. என் எடத்தப் பக்கத்துக் கடைக்காரி புடிச்சுக்கட்டும். பாவி, அவளுக்குத்தான் நல்ல காலம்."

"திருப்பூருக்கா? எப்ப?"

"படகு எறங்குறதுக்கு முன்னாடியே போயிடணும். படகு எறங்கி, மீனு வந்து, நான் கைய மடக்கிக்கிட்டுப் பாத்துக்கிட்டு நிக்கவா? என்னால முடியாது."

கொஞ்ச நாள் கூடுதலாக வந்துபோகட்டும் என்று நினைத்து, அவளை ஊரைவிட்டே அனுப்புகிற வேலையைச் செய்திருக்கிறோம் என்பது சலோமிக்கு அப்போதுதான் உறைத்தது.

"எண்ணெய் தேய்க்கலியா?"

"தேய்க்காம? நாலு நாள் தேய்ச்சேன். மேலயே நின்னுச்சு, உள்ள எறங்கல. அப்புறம் மோந்து பாத்தா புளிச்ச வாடை. மனசு வரல. அன்னிக்குக் கரண்டு போச்சுன்னு அகல்ல ஊத்தி ஏத்துனேன். சடசடன்னு பொரிஞ்சு புடவையில தெறிச்சுது. இங்க பாருங்க, ஓட்டை."

முந்தானையை விரித்துக் காட்டினாள். மிளகு அளவில் கருகிய புள்ளிகள். சலோமி அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

"தாமரை, நீ இரு. போவாத. இன்னிக்கே காய்ச்சித் தரேன்."

"இப்பவேயா? உள்ள காய்ச்சி வச்சது இருக்குமே?"

இருந்தது. நல்ல பதத்தில் காய்ச்சியது அலமாரியில் வரிசையாக இருந்தது. அதில் ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கலாம். சலோமிக்கு அது போதவில்லை. "புதுசா காய்ச்சுறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அரிவாளோடு வேலிக்குப் போனாள்.

அன்று மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாக வீசியது. தாமரைச்செல்வி இடது கையால் இலை உருவிக் கொடுத்தாள், சலோமி இடித்தாள். உருளி காய்ந்து, சேறு மெழுகாகத் திரண்டது. வாசனை தூக்கியது.

"ஆயிருச்சா டீச்சரம்மா? பாத்தா ஆன மாரிதான் இருக்கு."

"ஆன மாரிதான் இருக்கும்."

தீயை இன்னும் தணித்தாள். வெயில் மதிலைத் தாண்டிப் போனது. எண்ணெயின் சலசலப்பு மெல்ல மெல்ல அடங்கியது. விழுதை எடுத்துத் தாமரைச்செல்வியின் உள்ளங்கையில் வைத்தாள். அவள் விரலால் தேய்த்துப் பார்த்தாள். கடற்கரை மணலைப்போல நறநறத்தது. சலோமி பழைய வேட்டித்துணியில் திரி திரித்து, எண்ணெயில் முக்கி, அடுப்பில் காட்டினாள். திரி பற்றியது. ஒரு சத்தமும் இல்லை. சுடர் ஆடாமல் நின்று எரிந்தது.

தாமரைச்செல்வி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூளை வேகமாக ஓடுகிறவள்.

"எப்பவும் இந்தத் திரிய வச்சுப் பாப்பீங்களா?"

"பாப்பேன்."

"போன தடவ?"

"பாக்கல."

"மறந்துட்டீங்க."

மறந்துவிட்டேன் என்று தலையாட்டினால் போதும், முடிந்துவிடும். சலோமி திரியைத் தரையில் குத்தி அணைத்தாள். புகை கிளம்பிக் கண்ணில் பட்டது.

"மறக்கல, தாமரை."

சந்தில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. தாமரைச்செல்வி சலோமியைப் பார்த்தாள், மதிலில் ஏறி நின்ற கரிக்கோடுகளைப் பார்த்தாள், துவைக்கிற கல்லின் பக்கத்தில் இருந்த இரண்டு டீ தம்ளர்களைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. எண்ணெய் ஆறும்வரை உட்கார்ந்திருந்தாள். பாட்டிலில் ஊற்றிக் கொடுத்ததும் வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டாள். எழுந்தாள். ஒன்றும் சொல்லாமல் கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

மருந்து வாங்கினவள் சொல்லிக்காமல்தான் போக வேண்டும். அதனால்தான் சொல்லவில்லையா, இல்லை இந்த முகத்தில் முழிக்கவே வேண்டாம் என்று போனாளா? சலோமியால் கண்டுபிடிக்க முடியவில்லை. கோபத்தில் போகிறவளும் குணமாகப் போகிறவளும் அந்தக் கேட்டிலிருந்து ஒரே மாதிரிதான் போனார்கள். இத்தனை வருஷம் இல்லாத ஆத்திரம் அந்த வழக்கத்தின்மேல் அவளுக்கு வந்தது. ஒரு வார்த்தை திட்டிவிட்டாவது போயிருக்கக்கூடாதா?

தடைக்காலம் முடிந்தது. படகுகள் இறங்கின. தெருவில் மீன்காரிகளின் குரல் மறுபடி கேட்டது. ஒவ்வொரு குரலுக்கும் சலோமி ஜன்னல்வரை போய்த் திரும்பினாள். பள்ளிக்கூடமும் திறந்துவிட்டது. ஆபீசில் மாணவர் சேர்க்கைக்கு வந்த பெற்றோர்களின் சத்தத்துக்கு நடுவில், திருப்பூர் பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று காரணமில்லாமல் யோசித்தாள். வீட்டுக்கு வந்தால் மதிலில் கரிக்கோடுகள். ஒருநாள் மழை பெய்தது. கோடுகள் அழிந்திருக்கும் என்று பயந்து குடையோடு போய்ப் பார்த்தாள். மங்கியிருந்தன, அழியவில்லை.

பட்டினச்சேரி தூரமில்லை. மீன் கடை அதைவிடப் பக்கம். ஆனால் சலோமி யாரையும் தேடிப்போய்ப் பழகாதவள். வலி வந்தவர்கள்தான் அவளைத் தேடி வருவார்கள். அவள் கேட்டுக்கு உள்ளேயே நிற்பாள். மீனைக்கூடச் சந்தில் கூவிக்கொண்டு வருகிறவளிடம்தான் வாங்குவாள். போகலாமா வேண்டாமா என்று பல நாள் இழுபறியாக இருந்தது. ஒரு சனிக்கிழமை, தெருக்கதவின் துருப்பிடித்த தாழ்ப்பாளை அம்மிக்குழவியால் தட்டித் திறந்து வெளியே வந்தாள். சந்து வழியாகப் போக அன்று அவளுக்கு மனமில்லை.

மீன் கடையில் இரைச்சலும் ஈரமும். வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனாள். எல்லார் முகமும் ஒன்றுபோல இருந்தது. இல்லை, போய்விட்டாள், திருப்பூருக்கே போய்விட்டாள் என்று வீட்டுக்குத் திரும்ப நினைத்த நேரத்தில், தூணுக்குப் பின்னால் அந்தக் கொண்டை தெரிந்தது. இப்போது கோணல் இல்லை. தாமரைச்செல்வி ஒரு மீன் கூடையை இரண்டு கையாலும் தூக்கி, தலைக்கு மேலே கொண்டுபோய், பின்பக்கத்து மேடையில் வைத்தாள். வலது கை நேரே நின்றது. மதிலில் இருந்த எல்லாக் கோட்டுக்கும் மேலே.

திரும்பியவள் சலோமியைப் பார்த்துவிட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன டீச்சரம்மா இந்தப் பக்கம்? எண்ணெய் விக்க வந்தீங்களா?"

"மீன் வாங்க."

"அப்ப நல்ல கடைக்குத்தான் வந்துருக்கீங்க. அந்தா நிக்கிறா பாருங்க, அவகிட்ட மட்டும் போயிராதீங்க." பக்கத்துக் கடைக்காரிக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னாள். அவளும் பதிலுக்கு ஏதோ சொன்னாள். இத்தனை நாள் கதையில் கேட்டவளைச் சலோமி முதல்முறையாகப் பார்த்தாள். ஒல்லியாக, மூக்குத்தியோடு, சிரிப்பாக இருந்தாள். அவள்மேல் வந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

தாமரைச்செல்வி சங்கரா மீனைப் பொறுக்கிக் கவரில் போட்டாள். கொடுக்கும்போது கவரை விடாமல் பிடித்துக்கொண்டு, குரலைத் தணித்தாள்.

"இத முழுசா வேக வைங்க. பாதியில இறக்கிடாதீங்க."

சலோமிக்கு முகம் சுட்டது. ஏறிட்டுப் பார்த்தாள். தாமரைச்செல்வி சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. கவரை விட்டாள்.

"அங்க வந்தா டீ குடுப்பீங்க. இங்க ஒண்ணுமில்ல, ஐஸ் தண்ணிதான்."

"டீ இப்பவும் போடுறேன்."

"வலி இல்லாம எப்படிங்க வர்றது?"

சலோமி வீட்டுக்கு அப்படி யாரும் வந்ததில்லை. பின்னால் நின்ற ஆள் இடித்துக்கொண்டு முன்னால் வர, அவள் நகர வேண்டியதாயிற்று. இரண்டு கடை தள்ளிப் போயிருப்பாள், பின்னாலிருந்து குரல் வந்தது. மீன் கடைக்கே உரிய, கூரையில் மோதித் திரும்புகிற குரல்.

"போயிட்டு வாங்க டீச்சரம்மா!"

எல்லா வாடிக்கைக்காரருக்கும் சொல்வதுதான். இங்கே சொல்லலாம், சொல்ல வேண்டும். மீன் வாங்கியவர் திரும்பி வரத்தானே வேண்டும். சலோமி நின்றாள். திரும்பிப் பார்த்தாள். தாமரைச்செல்வி அதற்குள் அடுத்த ஆளுக்கு மீன் எடுக்கக் குனிந்துவிட்டாள்.

"வரேன்" என்றாள் சலோமி. இரைச்சலில் அது அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தபோது சந்துக் கேட்டில் ஆட்டோக்காரர் காதர் பாட்சா காலி பாட்டிலோடு நின்றிருந்தார். எண்ணெயை வாங்கிக்கொண்டு, வழக்கப்படி ஒன்றும் சொல்லாமல் போனார். கேட் கிறீச்சிட்டு மூடியது. சலோமி சங்கராவைக் கழுவி, குழம்பைக் கூட்டி அடுப்பில் வைத்தாள். ஒரு ஆளுக்கு அது அதிகம். கொதித்ததும் தீயைத் தணித்துவிட்டு, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, மீன் முழுசாக வேகும்வரை பக்கத்திலேயே நின்றாள்.